நான் கட் பண்ணாத சீன்

செல்வம் மாமா, அந்தச் சவுக்குக் கட்டை உங்க மண்டையில வுழுந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. தேங்கா ஒடஞ்ச மாதிரின்னு ஊர்ல சொல்லுறாங்க. அப்டி இல்ல. ஈரத்துணியக் கல்லுல ஓங்கி அடிச்ச மாதிரி இருந்துச்சி. நான் மூணடி தள்ளி நின்னேன், எனக்குத் தெரியும்.

எட்டாவதோட நின்னவன் நான். மேல்பட்டாம்பாக்கத்துல குட்டி யானை லோடு வண்டி ஓட்டுறேன். எழுதிப் பழக்கமில்ல. ஆனா மாமா செத்ததப் பத்தி எங்க பக்கம் ஒரு கதை ஓடுது, அது பொய்யி. அதனால வாயில வர்றதையே எழுதுறேன்.

மாமா எங்க அக்கா வீட்டுக்காரரு. என்னவிட நாலு வயசுதான் பெரியவரு. சிதம்பரத்துல, அண்ணாமலை நகர் போற ரோட்டுல ஒரு ஸ்டுடியோவுல கல்யாண வீடியோ எடுத்துக்கினு இருந்தாரு. கல்யாண வீடியோவுக்கு ஒரே சட்டம்தான், பந்தியில உக்காந்தவன் ஒருத்தன் மூஞ்சியும் வுட்டுப் போவக் கூடாது. வுட்டா சித்தப்பா பெரியப்பா எல்லாம் ஸ்டுடியோவுக்கே சண்டைக்கி வந்துடுவாங்க. முகூர்த்தம் இல்லாத நாள்ல ஆத்தப் பத்திப் படம் எடுக்க ஆரம்பிச்சாரு, அதுக்கும் அதே சட்டந்தான். "ஆத்தப் பாக்க எவன் வருவான் மச்சான், அவன் மூஞ்சியப் பாக்க வருவான்"னு சொல்லுவாரு. துணி தொவைக்கிறவங்க, மாடு கழுவுறவங்க, குப்ப கொட்டுறவங்கன்னு ஒருத்தர் வுடாம எடுப்பாரு. அப்புறம் அந்த ஊரு தெரு முக்குல ரெண்டு சவுக்குக் கட்டை நட்டு வெள்ளத் துணி கட்டுவோம். என் வண்டி மேல புரொஜெக்டரு. மூஞ்சி வர வர ஜனங்க பேரச் சொல்லிக் கத்துவாங்க. பண்ருட்டி பக்கம் கெடிலம் ஆத்து ஓரத்துல ஒரு கோழிக்கடைக்காரரு, கழிவு மூட்டைய ஆத்துல வீசுறத அவரே திரையில பாத்தாரு. தெருவே அவரு பேரச் சொல்லி சிரிச்சிச்சி. மறுநாள்லேர்ந்து குழி வெட்டிப் பொதைக்கிறாரு. எத்தினியோ பேரு சண்ட போட்டு நடக்காதது, சிரிப்புல நடந்துச்சி.

பெண்ணையாத்துப் படம் வேற மாதிரி ஆயிடுச்சி. மணல் அள்ளுன குழியில ஒரு பொண்ணு முழுகிப் போச்சி. முட்டியளவு தண்ணி இருந்த எடம்னு நம்பி எறங்குன பொண்ணு. படத்துல அதோட அப்பா வந்து அந்தக் குழியில ஒரு மூங்கில வுடுவாரு. மூங்கில் முழுசா உள்ள போயிடும்.

அதே எடத்துல மணல் லோடு ஏத்துறவன் ஏழுமலை. என்கூட ஒன்னா படிச்சவன். மாமா எடுக்குறப்ப கூடையத் தலையில வெச்சிக்கினு கேமராவப் பாத்துப் பல்லக் காட்டிக் கைய ஆட்டுனான். இன்னா படம்னே அவனுக்குத் தெரியாது. படத்த ஒட்டுறது வெட்டுறது எல்லாம் என் போன்லதான், நான்தான் பண்ணுவேன். மாமா தெளிவாத்தான் சொன்னாரு, "லோடு ஆளுங்க மூஞ்சிய கட் பண்ணிடு மச்சான். கூலிக்கி வர்றவன் அவன், இதுக்கு மட்டும் கல்யாணச் சட்டம் வேணாம்"னு. ஆனா ஏழுமலை மூணு தடவ போன் பண்ணிட்டான், நான் வர்றனாடா, நான் வர்றனாடான்னு. கட் பண்ணா கோச்சிக்குவான்னு தோணுச்சி. வுட்டுட்டேன்.

பொழுது எறங்குன வொடனே அந்தப் பொண்ணு ஊருத் தெரு முக்குல படம் போட்டோம். ஏழுமலை வெள்ளச் சட்ட போட்டுக்கினு முன்னாடி வந்து உக்காந்தான். திரையில மூங்கில் முழுசா முழுகுச்சி. அடுத்த சீனு அவன். சிரிக்கிறான், கைய ஆட்டுறான். பழக்கதோஷத்துல யாரோ அவன் பேரச் சொல்லிட்டாங்க. இந்தத் தடவ ஒருத்தரும் சிரிக்கல. எல்லாத் தலையும் திரும்புச்சி.

மொத அடி செருப்பால வுழுந்துச்சி. அப்புறம் எது எவன் கையின்னு தெரியல. சட்ட கிழிஞ்சி வாயெல்லாம் ரத்தம். கீழ வுழுந்தவன இடுப்புலயே மிதிச்சாங்க. மண்ண அள்ளி வாயில திணிச்சாங்க, தின்னுடா, மணலத் தின்னுடான்னு. நான் நின்னு பாத்துக்கினு இருந்தேன், அதையும் எழுதணும். மாமாதான் கூட்டத்தப் பொளந்துக்கினு போயி அவன்மேல குப்புற வுழுந்து மூடிக்கினாரு. பொண்ணோட அப்பா திரை கட்டுன கட்டையப் புடுங்கிக்கினு வந்தாரு, துணியும் கூடவே இழுத்துக்கினு வந்துச்சி. ஏழுமலைக்கி ஓங்குனது மாமா மேல எறங்கிடுச்சி.

வண்டியில ஏத்துறப்ப மாமா கண்ணத் தொறந்தாரு. "அந்த சீன கட் பண்ணலியா மச்சான்?"

"மறந்துட்டேன் மாமா"ன்னேன். கடசியா அவருகிட்ட நான் சொன்னது அதான். பொய்யி.

பின்னாடி ஏழுமலைதான் அவரு தலைய மடியில வெச்சிக்கினு வந்தான். நெல்லிக்குப்பம் தாண்டுறப்ப கண்ணாடியத் தட்டுனான். நான் நிறுத்தல. தட்டிக்கினே இருந்தான், எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சிச்சி. கடலூரு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் நிறுத்தல.

பொண்ணப் பறிகுடுத்தவரு ஜெயிலுக்குப் போவக் கூடாதுன்னு ஊரே ஒரே வாயா சொல்லிடுச்சி, மணல் ஆளுதான் அடிச்சிட்டான்னு. ஏழுமலை உள்ள போயிட்டான். அவன் சட்டையில இருந்த மாமா ரத்தமே அவனுக்கு எதிர் சாட்சி ஆயிடுச்சி. கொலக் கேசுக்குப் பயந்து மணல் லாரி வர்றது நின்னுச்சி. மாமா போட்டோவ பேனருல போட்டு, ஆத்துக்காக உசுரக் குடுத்தவருன்னு எழுதி வெச்சிருக்காங்க. உண்மையச் சொன்னா லாரி திரும்ப வந்துடும்னு நானும் சும்மா இருந்தேன். அப்டித்தான் மனசுக்குச் சொல்லிக்கினேன். நெசத்துல, அந்த சீனப் பத்திச் சொல்லணுமேன்னுதான் பயம்.

போன வாரம் அக்காகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். செவுள்லயே ரெண்டு அறை வுட்டுச்சி. அப்புறம் முந்தானையில மூஞ்சத் தொடச்சிக்கினு, "அவரு காப்பாத்துனவனத்தானடா எல்லாருமா சேந்து உள்ள தள்ளியிருக்கீங்க?"ன்னு கேட்டுச்சி.

ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். நடந்ததச் சொல்லி கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலையில பாத்தா என் வண்டிக் கண்ணாடி தூள் தூளாக் கெடக்குது. ஆனா பொண்ணோட அப்பா யாரும் கூப்புடாம அவரே போயி ஸ்டேஷன் வாசல்ல உக்காந்துட்டாராம். ஏழுமலை இன்னும் வெளிய வரல. கொஞ்ச நாளாவும்னு வக்கீலு சொல்லுறாரு.

இதப் படிக்கிறவங்க கோயிலுக்குப் போனாலும் சரி, சர்ச்சுக்குப் போனாலும் சரி, எங்க செல்வம் மாமாவ நெனச்சி வேண்டிக்குங்க. பேனருல இருக்குறதச் சொல்லி வேண்டிக்காதீங்க. கூலிக்காரன் ஒருத்தன் மேல குப்புற வுழுந்து, அவனுக்கு வுழ வேண்டிய அடிய வாங்கிக்கினு செத்தவருன்னு சொல்லி வேண்டிக்குங்க.