நேபோ மலைக்கு நேர்ந்த முடி

யோர்தானுக்குப் போவதென்று முடிவானபோது, விவிலியத்தில் வரும் இடங்களைச் சுற்றிப்பார்க்கத்தான் போகிறோம் என்று நம்பினேன். என் மனைவி கத்தோலிக்கப் பெண். நான் மட்டக்களப்புச் சைவன். கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பூசைக்குக் காரில் கொண்டுபோய் இறக்கிவிடுவேன், கோவில் திருவிழாவுக்கு அவள் என் வேட்டியை மடித்து வைப்பாள். மற்றபடி ஒருவர் சாமி விஷயத்தில் மற்றவர் தலையிடுவதில்லை.

புற்றுநோய்க்கு எனக்குக் கீமோ முடிந்து எட்டு மாதமாகியிருந்தது. சுவிஸின் பீல் நகரில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பியிருந்தேன். முடியும் முளைத்துவிட்டது. முன்பு கம்பி போல் நேராக இருந்தது, இப்போது சுருள் சுருளாக வந்தது. அந்த முடி வந்த பிறகுதான் பஸ்ஸில் கிழவிகள் எனக்கு எழும்பி இடம் கொடுப்பதை நிறுத்தினார்கள். வேலையில் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தியவர்கள் பழையபடி சத்தமாகக் கதைத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சட்டைப்பையில் சீப்புக் கொண்டு திரிந்தேன்.

தெற்கேயிருந்து தொடங்கினோம். மோசே தட்டித் தண்ணீர் வந்த பாறை என்று ஒரு கட்டடத்துக்குள் காட்டினார்கள். வடக்கேயும் அதே பெயரில் ஓர் ஊற்று இருப்பதாகச் சாரதி சொன்னார். எது உண்மையானது என்று கேட்டேன். இரண்டும்தான் என்றார். மனைவி இரண்டு போத்தலில் தண்ணீர் பிடித்தாள்.

அங்கிருந்து வடக்கே போகும் பாலைவன வீதியில், கல்லும் மண்ணும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் வைத்துத்தான் சொன்னாள்.

"நேபோ மலையில உங்கட முடியைக் குடுக்கிறதெண்டு நேந்திருக்கிறன்."

"நேந்தது நீர். தலை என்ரையோ?"

"ஓம். உங்களுக்காகத்தானே நேந்தனான்."

மோசே நாற்பது வருடம் சனத்தைக் கூட்டிக்கொண்டு நடந்து, அந்த மலையில் நின்று ஆண்டவர் தருவதாகச் சொன்ன அக்கரை நாட்டைக் கண்ணால் கண்டதோடு செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து விவிலியத்தில் அந்த இடத்தை வாசித்தவளுக்குக் கோபம் வந்திருக்கிறது. "இவருக்கும் தூரத்தில காட்டிப்போட்டு விட்டிடாதையும், தாண்டப் பண்ணும். முளைக்கிற முதல் முடியை அங்கேயே கொண்டுவந்து தாறம்" என்று ஆண்டவரோடு பேரம் பேசியிருக்கிறாள். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் இது மதம் பார்க்காத வழக்கம். ஒருவர் நேர்வார், இன்னொருவர் மொட்டையடிப்பார். மூன்று வயதில் என் அம்மாவும் என்னைக் கேட்டுவிட்டு நேரவில்லை.

ஆனால் எனக்கு வயது மூன்றில்லை. திங்கட்கிழமை மொட்டைத் தலையோடு தொழிற்சாலைக்குள் போனால் என்ன நினைப்பார்கள்? எத்தனை பேருக்கு நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று ஜெர்மனில் விளக்குவது? முடியாது என்றேன். நன்றாகவே கத்தினேன். பாஷை விளங்காத சாரதி வானொலியைக் கூட்டி வைத்தார்.

வீதியோரத் தேநீர்க்கடையில் நிறுத்தினோம். அவள் கிளாஸைக் கையில் வைத்திருந்தாளே தவிரக் குடிக்கவில்லை.

"போனவுடன ஸ்கான் இருக்கு. இதைச் செய்யாமல் அதுக்குள்ள உங்களை விட எனக்குப் பயமாக் கிடக்கப்பா."

எனக்கும் அந்த ஸ்கானை நினைத்தால் பயம்தான். நேர்த்தியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் செய்யாத நேர்த்தியோடு அந்த மெஷினுக்குள் படுக்கிற தைரியமும் இல்லை. சரி என்றேன்.

மலையடிவாரத்துக்குக் கிட்டிய மடாபா என்ற ஊரில் ஒரு சலூனைச் சாரதி கண்டுபிடித்தார். முழுவதும் எடுக்கச் சொன்னதும் முடிதிருத்துபவர் "ஹஜ்ஜுக்கோ?" என்று கேட்டாராம். அதுபோல ஒன்று என்று சாரதி சொல்ல, மறுகேள்வி கேட்காமல் கத்தியைத் தீட்டினார். சுவிஸில் ஒரு கிழமை முழுக்க நான் விளக்கவேண்டி வரப்போவதை அவர் ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொண்டார். மனைவி முடியைக் கடதாசிப் பையில் கூட்டி அள்ளுவதிலேயே குறியாக இருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மலையுச்சியில் ஓர் ஒலிவ மரத்தடியில் கையால் மண்ணைக் கிளறி முடியைப் புதைத்தாள், சிலுவை போட்டாள். நான் மதிலோரம் நின்றேன். கீழே சாக்கடல், அதற்கப்பால் புழுதி மூட்டத்துக்குள் மோசே பார்த்த நாடு. நல்ல காற்று. வெறும் தலை குளிர்ந்தது.

அவள் கையைத் தட்டிக்கொண்டு வந்தாள். நான் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே தலை. முடியைக் கொடுப்பதைப் பற்றித்தான் இவ்வளவு நாளும் யோசித்திருக்கிறாள், கொடுத்த பிறகு மிஞ்சுவதைப் பற்றி யோசிக்கவில்லை. சுற்றிவர எல்லோரும் அக்கரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் தலையைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

"திரும்ப முளைக்குமோ?" என்று கேட்டாள்.

நோய் இருந்த காலம் முழுக்க ஒருநாளும் அவள் என்னிடம் கேட்காத கேள்வி அது. கிட்டப் போய் அவள் கையை எடுத்து என் தலையில் வைத்தேன்.

"முளைக்கும்" என்றேன்.