தரையில் இறக்கிய புளியமரம்

கல்யாணமான புதிதில், ஆலங்குளம் போகும் வழியில் ஒரு வரப்பிலிருந்து அந்தப் புளியங்கன்றைத் தோண்டி எடுத்து வந்தேன். ஆடுகள் கடித்துக் கடித்து முழ உயரத்திலேயே நின்றிருந்தது. அடிமரம் மட்டும் என் மணிக்கட்டு பருமன். இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு தட்டைத் தொட்டியில் வைத்தேன். கணவருக்கு பேண்டேஜ் கம்பெனியில் வேலை. தொட்டி ஓட்டைகளில் மண் ஒழுகாமலிருக்க அவர் கொண்டுவரும் கழிவுத் துணியைத்தான் விரிப்பேன். "காயத்துக்குக் கட்டுப் போடுத மாதிரில்லா போடுத" என்று கேலி செய்வார்.

இப்படித் தொட்டியில் குட்டையாகவே வளர்க்கும் போன்சாய் என்றால் டிவி பக்கத்தில் வைக்கும் பொம்மை என்று பலருக்கும் நினைப்பு. புளிக்கு வெயில் வேண்டும், காற்று வேண்டும். சித்திரை வெயிலில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். தளிர் விடுவதற்கு முன் வேரைக் கழித்து மண் மாற்ற வேண்டும். கிளையில் சுற்றிய செம்புக் கம்பியை, அது பட்டைக்குள் பதிவதற்குள் வெட்டி எடுத்துவிட வேண்டும். வேறு எந்த வேலையிலும் நான் அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

என் மாமியாருக்கு அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது. வத்திராயிருப்பிலிருந்து தேங்காயும் மாங்காயும் சுமந்துகொண்டு பஸ்ஸில் வருவார். முதல் கர்ப்பம் கலைந்தபோது மாடிக்கு வந்து மரத்தைப் பார்த்துவிட்டு, "வளர வேண்டியத வளரவிடாம வச்சிருக்க வீட்டுல எதுட்டி வளரும்?" என்றார். இரண்டாவதும் கலைந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. மரத்தைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விட்டார். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மூன்றாவதும் தங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். படி ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏறினேன். தொட்டியில் மண் இருந்தது, மரம் இல்லை.

"அம்மா கொண்டுபோயிட்டா" என்றார் கணவர். "ஒண்ணும் கேக்காத. அவளும் அழுதுக்கிட்டேதான் போனா."

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஆத்திரத்தோடு வத்திராயிருப்புக்கு பஸ் ஏறினேன். மாந்தோப்பு ஓரத்தில், பம்புசெட் வாய்க்கால் பக்கமாகக் குழி தோண்டி நட்டிருந்தார். கம்பிகளையெல்லாம் கழற்றியிருந்தார். அடியில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடு மேயாமல் முள்வேலியும் கட்டியிருந்தார்.

"கோவப்படாதட்டி. அது நல்லாக் கால நீட்டிக்கிடட்டும். பொறவு ஒனக்கும் ஒரு வழி பொறக்கும்."

அப்போதே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வேர் இன்னும் தரையைப் பிடித்திருக்கவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டு வர வேண்டும் என்று போனவள், குனிந்து அடிமண்ணை அழுத்திவிட்டேன். எனக்கும் நப்பாசை வந்துவிட்டது. மூடநம்பிக்கை என்று நான் சொன்னதெல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். மரம் வளர்ந்தால் வளரட்டும், எனக்கு ஒன்று கிடைத்தால் போதும் என்று விட்டுவிட்டு வந்தேன். அதன்பிறகு எப்போது அங்கே போனாலும், எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

மரம் வளர்ந்தது. தொட்டியில் அடக்கி வைத்திருந்ததற்கெல்லாம் சேர்த்து வளர்ந்தது. எனக்கு அதன்பிறகு நாள் தள்ளிப்போகக்கூட இல்லை. போன வருஷம் கட்டி என்று சொல்லிக் கர்ப்பப்பையையும் எடுத்தாயிற்று.

இந்தத் தையில் வத்திராயிருப்புக்குப் போயிருந்தேன். அத்தைக்கு மூட்டுவலி. கையைப் பிடித்துத்தான் தோப்புக்குக் கூட்டிப் போனேன். மரம் பம்புசெட் அறையைவிட உயரமாக நின்றது. அத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"இத வெட்டிக்கிட்டி பழையபடி சின்னதாக்க முடியாதாட்டி? ஒங்கிட்டயே குடுத்திருதேன்."

"முடியாது அத்தை."

"கொஞ்சங் கொஞ்சமாக்கூடவா?"

"வேர் அம்புட்டு ஆழம் போயிருக்கும்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல வரப்பில் உட்கார்ந்தார். "அப்போ ஒனக்கு ரெண்டுமே இல்லாம ஆக்கிட்டேன்" என்றார்.

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று தடவையும் யார் முன்னாலும் அழாதவள், அன்று அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன்.