வலது பக்கம் அவள் பொறுப்பு

சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டு வீடு வந்தால் அவளுக்கு இரண்டாவது டியூட்டி. சோறு ஆக்குவது இல்லை, அது மூன்றாவது. இரண்டாவது, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவது. சொன்னால் ஊரே சிரிக்கும்! அவளுக்கே சில நாள் சிரிப்பு வரும், பல நாள் அழுகைதான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன். இருபது டன்னை அலுங்காமல் தூக்கி வைத்தவரைப் பக்கவாதம் ஒரே காலையில் சாய்த்துவிட்டது. வலது கை விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டன. தினமும் காலையில் அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து நீவிவிடுவாள். விட்டதும் பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி மடங்கிக்கொள்ளும்.

படுக்கையில் விழுமுன் அவர் பாதி ஆடி வைத்த கேம் அது. ஓர் அப்பன் சீக்காளி மகளைப் பனியில் நடத்திக் கப்பலுக்குக் கூட்டிப் போகிறான். முடிவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். இடது கையால் அப்பனை நடத்துவது அவர். கதவு திறக்க, தாவ, மகள் கையைப் பிடிக்க கன்ட்ரோலரின் வலது பக்கத்துப் பட்டன்கள். அது அவள் பொறுப்பு. ஸ்டியரிங் ஒருத்தரிடமும் பிரேக் இன்னொருத்தரிடமும் இருந்தால் வண்டி எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான் போனது.

"தாவு, தாவு! போச்சு... தூங்கிட்டியா?"

"நாள் பூரா கத்திட்டு வரேன், கண்ணு சொருகுது. ஒரு குழி தாண்டத் தெரியாதவன் எதுக்குப் பிள்ளையக் கூட்டிட்டுக் கிளம்பினான்?"

அவள் தம்பி ஒருநாள் வந்து செட்டிங்ஸை மாற்றினான். "இனிமே ஒரு கை போதும்க்கா. கதவு தானா திறக்கும், ஆளும் தானா தாவுவான்." அப்பாடா என்று அவள் காலை நீட்டிப் படுத்தாள். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் பார்த்தால் கன்ட்ரோலர் அலமாரிமேல் கிடந்தது.

"ஏங்க, என்னாச்சு?"

"எல்லாம் தானா நடக்குது. ஆஸ்பத்திரியில என்னைத் தூக்கி உக்காரவச்சு, ஊட்டி, துடைச்சுவிட்டாங்களே, அந்த மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு கையை நான் பிடிக்கல. அதுவே பிடிச்சுக்குது."

அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. கிடைத்த ஒரு மணி நேரமும் போச்சே! ஆனாலும் தம்பியைக் கூப்பிட்டுப் பழையபடி மாற்றச் சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

பத்து நாளில் கடைசிக் கட்டம் வந்தது. கப்பலில் மகளுக்கு மட்டும்தான் இடம். கன்ட்ரோலரின் பின்பக்கத்துப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் அப்பன் மகள் கையைப் பிடித்திருப்பான். விட்டால் கப்பல் கிளம்பும்.

"இதை என் கையாலதான் செய்யணும்" என்றார்.

மடங்கிய விரலைப் பட்டன்மேல் செருகி, தன் விரலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். திரையில் இரண்டு கைகள் சேர்ந்தன. மகள் ஏதேதோ சொல்லி அழுதாள். பிறகு, இனி விடலாம் என்று எழுத்து வந்தது.

இவள் தன் விரலை எடுத்தாள். கப்பல் கிளம்பவில்லை. அவர் விரல் மடங்கியது மடங்கியபடி பட்டனைப் பிடித்திருந்தது.

"பிரிச்சு விடவாங்க?"

அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்ச நேரம் பிடிச்சுக்கட்டும்மா. இந்தக் கை வேற எதைப் பிடிச்சுது, இத்தனை மாசமா?"

உலை வைக்கவில்லை, கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. அப்படியே அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"இருக்கட்டும். எப்படியும் காலையில நான்தானே பிரிக்கணும், அப்பப் பாத்துக்கலாம்."