கூழில் ஒட்டிய ஈக்கள்

எங்க வீட்டுல அக்காவுக்கு ஈக்காரின்னு பேரு. ஆராய்ச்சிக்கூடத்துல பழ ஈ வளர்க்கிறா. ஊரெல்லாம் சும்மா உட்கார்ந்து ஈ ஓட்டுது, இவ சம்பளம் வாங்கிட்டு ஈ வளர்க்கிறான்னு கிண்டல் பண்ணுவேன். நாங்க இரட்டைப் பிள்ளைங்க. ஒரே முகம், ஒரே உடம்பு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. அவளுக்குக் கல்யாணமான புதுசுலயே பஸ் மோதி, உயிரைக் காப்பாத்தக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க.

அவ மாமியார் இருக்காளே, நரம்பில்லாத நாக்கு! "பிள்ளை பெறத் தகுதியில்லாத உடம்பு"ன்னு மகன் காதுல ஓதிக்கிட்டே இருந்தா. சேர்ந்து வாழறதா, விலகறதான்னு ஞாயித்துக்கிழமை சொல்றேன்னுட்டான் அவன். "சொல்லட்டும்"னா அக்கா. அந்த பஸ்ஸுக்கு அப்புறம் அவ எதுக்கும் அழுததில்ல.

அந்த வாரம்தான் வேலையில ஒரு தப்பு பண்ணினா. ஈக்களை வாயு விட்டு மயக்கித்தான் பிரிப்பாங்க. அப்புறம் குப்பியைப் படுக்க வைக்கணும். ஈ முழிச்சு நடமாடினதும்தான் நிமிர்த்தணும். அவசரப்பட்டா, மயக்கத்துல இருக்கிற ஈ அடியில தீனியா வச்சிருக்கிற கூழ்ல விழுந்து ஒட்டிச் செத்துப்போகும். புதுசா சேர்ந்தவங்க பண்ற தப்பு அது. இத்தனை வருஷம் கழிச்சு இவ பண்ணினா.

எந்த வகை ஈ எவ்வளவு வாரிசு விடுதோ அதுதான் அங்க அதோட தகுதி. பலம், அழகு எதுவும் கணக்குல வராது. ஈ செத்த குப்பிக்குத் தகுதி பூஜ்யம்னு எழுதினா. அவளோட புரொபசர் அந்தப் பூஜ்யத்தை அடிச்சுட்டார்.

"பக்கத்துக் குப்பியிலயும் இதே வகை ஈதானேம்மா? அது நிறைய வாரிசு விட்டிருக்கு. நம்ம கை தவறினதுக்கு இது என்ன பண்ணும்? விடக்கூடியது வேற, விட்டது வேற. தகுதின்னா விடக்கூடியது."

"அப்போ ரெண்டும் சமமா சார்?"

"சமம்தான்."

பால் தீர்ந்துடுச்சுன்னு சொல்ற குரல்லதான் போன்ல இதையும் சொன்னா. "நீயும் நானும் பக்கத்துப் பக்கத்துக் குப்பிடி."

"இதை அப்படியே அத்தான்கிட்ட சொல்லுக்கா."

"சரி"ன்னா.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போனேன். அவன் துணி வைக்கிற அலமாரி காலியா இருந்தது. அக்கா அதை ஈரத்துணியால துடைச்சுக்கிட்டிருந்தா.

"சொன்னியாக்கா?"

"சொன்னேன். முழுசா கேட்டாரு."

"என்ன சொன்னான் அந்தப் பாவி?"

"நூத்துக்கு நூறு சரின்னாரு. உன்கிட்ட ஒரு குறையும் இல்லன்னாரு." துணியைப் பிழிஞ்சா. "ஆனா எனக்குப் பிள்ளை வேணும்னாரு."