மஞ்சணை வைத்த சக்கரம்

பேட்டையில் அம்புரோஸ் அண்ணாச்சியின் பட்டறை எது என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்கிறவன் கையை மட்டும் நீட்டிவிட்டுப் போகமாட்டான், கூடவே ஒரு புராணமும் பாடுவான். "அம்பது வருசமா எஞ்சின் கெட்டுதாரு வே. கோயமுத்தூர்ல இருந்தெல்லாம் தேடி வாரான். அந்தக் காலத்துல பெரிய ரேசுக்காரராக்கும்." எல்லாம் சரிதான். எழுபத்திரண்டு வயதிலும் ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்தாரென்றால், உள்ளே எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்தப் புராணத்தில் ஒரு பக்கம் கிழிந்து கிடப்பது ஊருக்குத் தெரியாது. கிழித்தவர் அவரேதான்.

பிறந்தது உவரியில், கடற்கரையில். அப்பன் பாட்டன் எல்லோரும் வள்ளத்தில் போனவர்கள். இவருக்குக் கடல் ஆகவில்லை; ஏறினால் குடலே வெளியே வந்துவிடும். பதினாலு வயதில் பேட்டையில் ஒரு லாரி பட்டறையில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கேதான் முத்துமாலை கிடைத்தான். முக்கூடல்காரன், அதே வயது, அப்பா இல்லாத பிள்ளை. அம்மா சுடலைவடிவு நாற்று நட்டும் பீடி சுற்றியும் அவனை ஆளாக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பயல்களும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஒரே பாயில் தூங்கினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு, வேகம்.

இருபது வயதில், ஓடைக்குள் கவிழ்ந்து துருப்பிடித்துக் கிடந்த ஒரு ஹெரால்டு காரை இரும்பு விலைக்கு வாங்கினார்கள். அம்புரோஸ் அந்த எஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, காற்று போகிற துவாரங்களை அரத்தால் ராவி ராவி அகலமாக்கி, மறுபடி பூட்டி எழுப்பியபோது, அது போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரன் சோற்றை விட்டுவிட்டு ஓடிவந்தான். மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் அப்போது கார்ப் பந்தயம் நடக்கும். பணக்காரப் பிள்ளைகள் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக நிற்கிற இடத்தில், இந்த இரண்டு பேரும் கிரீஸ் சட்டையோடு போய் நின்றார்கள். முதல் வருஷம் சிரித்தார்கள். அடுத்த வருஷம் அம்புரோஸ் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஒருத்தனுக்கும் சிரிப்பு வரவில்லை.

வேலையில் அம்புரோசுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நட்டை முழுசாக முறுக்கி முடித்தால்தான் அதன்மேல் சிவப்பு பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இருந்தால் முறுக்கியாச்சு, இல்லையென்றால் பாக்கி. கழற்றும்போது பழைய பொட்டைச் சுரண்டிவிடுவார். பந்தயக் களத்து அவசரத்தில் மனசை நம்பக்கூடாது, கண்ணைத்தான் நம்பவேண்டும் என்பார்.

எழுபத்தாறாம் வருஷம் அந்தக் கண்தான் கெடுத்தது.

அன்றைக்குக் காலைப் பந்தயம் அம்புரோசுக்கு, மத்தியானப் பந்தயம் முத்துமாலைக்கு. நடுவில் இடது முன்சக்கரத்தைக் கழற்றி பிரேக்கைப் பார்த்தார் அம்புரோஸ். திரும்ப மாட்டி, நாலு நட்டையும் கைவிரலால் ஏற்றி, ஜாக்கியை இறக்கிவிட்டு ஸ்பேனரை எடுக்கப் போகும்போது, ஏதோ தாளில் கையெழுத்துப் போட வரச்சொல்லிப் பந்தயக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் போன நேரத்தில் முத்துமாலை டவுசர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தான். சுடலைமாடன் கோயிலில் சாமிக்குச் சாத்திய மஞ்சணை. மஞ்சளும் எண்ணெயும் சேர்த்துக் குழைத்த செக்கச்செவேல் சாந்து. "வண்டி எடுக்க முன்ன சக்கரத்துல தொட்டு வச்சிரு மக்கா" என்று அம்மா கொடுத்துவிட்டது. சாமி காரியத்தைக் குறைவாகச் செய்யலாமா? ஒவ்வொரு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தான்.

அம்புரோஸ் ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். நாலு நட்டிலும் சிவப்பு. முறுக்கிவிட்டுத்தான் போயிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, "ஏறுலே" என்றார்.

மூன்றாவது சுற்றில் கார் நாலு உருளு உருண்டது. ஆட்கள் முத்துமாலையை இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருக்கும்போது, அம்புரோஸ் புல்லுக்குள் தனியாகக் கிடந்த அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். காரிடம் போய்ப் பார்த்தார். ஒரே ஒரு நட்டு மட்டும் போல்ட்டு மரையின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டார். விரலில் சிவப்பு ஒட்டியது. காய்ந்த பெயிண்ட் இப்படி ஒட்டாது. மோந்து பார்த்தார், மஞ்சள் வாசம் அடித்தது. விரலை டவுசரில் துடைத்துக்கொண்டார். விசாரிக்க வந்தவர்களிடம், "வளைவுல வேகமா திருப்பிட்டான்" என்று சொன்னார். உருண்டதில் சக்கரம் தெறித்துவிட்டது என்று அவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

முழங்காலுக்குக் கீழே வலதுகாலை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் கண் விழித்த முத்துமாலை கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏலே அம்புரோசு, நான்தான் பிரேக்க பிந்திப் போட்டுட்டேன், என்ன?"

"ம்" என்றார் அம்புரோஸ்.

படுபாவி மனுஷன்! அந்த "ம்"மை விழுங்கியிருக்கலாம். மறுநாள் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் மறுநாள் சுடலைவடிவு வந்துவிட்டாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "என் மஞ்சணைதாம்லே ஒன் உசுரக் காப்பாத்துச்சு. நீ கொழுப்பெடுத்துப் போயி காலத் தொலச்சதுக்கு அந்தச் சாமி என்னலே செய்யும்?" என்று மகன் நெஞ்சிலேயே அடித்து அழுதாள். அவளிடம் போய், அந்த மஞ்சணைதான் என் கண்ணை மறைத்தது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த இடத்திலேயே உயிரை விட்டிருப்பாள். அம்புரோசுக்கு வாயை மூடிக்கொள்ள ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

முத்துமாலைக்குப் பேசிவைத்திருந்த பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். "நொண்டிக்குக் குடுக்க மாட்டோம்" என்று சொல்லியிருந்தால்கூடப் போகட்டும். "அடக்கமில்லாத பயலுக்குக் குடுக்க மாட்டோம்" என்றார்கள். அதற்குப் பிறகு அவன் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டான். முக்கூடலில் ஒரு பீடிக் கம்பெனியில் இலை நிறுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தான். சுடலைவடிவு சாகிற வரைக்கும், சோறு போடும்போதெல்லாம் கொழுப்பெடுத்தவன் என்று சொல்லிச் சொல்லித்தான் போட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

அம்புரோஸ் அதற்குப் பிறகு பந்தயக் கார் ஓட்டவில்லை. எஞ்சின் மட்டும் கட்டிக் கொடுத்தார். நட்டுக்குப் பொட்டு வைக்கிற பெயிண்ட்டை நீலமாக மாற்றினார். மாதா நிறம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஞாயிறு தவறாமல் பூசை முடிந்ததும் உவரிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு முக்கூடல் பஸ் ஏறிவிடுவார். "நட்புன்னா அதுல்லா நட்பு!" என்று ஊர் மெச்சியது. மெச்ச மெச்ச அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தார். "கடவுளிடம் சொல்லியாச்சு, இனி அவரிடம் போய்ச் சொல்லுங்கள்" என்றார் சாமியார். அன்றிலிருந்து பூசையில் நன்மை அப்பம் வாங்குவதையும் நிறுத்திவிட்டார். பெண்சாதி ரோசம்மாள் ஏன் ஏன் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

இரண்டாயிரத்து மூன்றில் சுடலைவடிவு செத்தாள். காரணம் போய்விட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை.

போன வருஷம்தான் தாங்கமுடியாமல் போனது. சாலைப் பாதுகாப்பு வாரம் என்று முத்துமாலையைப் பள்ளிக்கூடங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஒருநாள் அம்புரோசும் கூடப் போனார். முத்துமாலை வேட்டியை முழங்கால்வரை தூக்கி, கட்டைக்காலைத் தட்டிக் காட்டி, "இது என் திமிருக்குக் கெடச்ச கூலி பிள்ளைகளா" என்றான். பிள்ளைகள் கை தட்டின. அம்புரோசுக்கு அங்கேயே மண்ணோடு மண்ணாகப் போய்விடலாம் போலிருந்தது.

அதன் பிறகு கணேஷ்ராம் வந்தான். பழைய பந்தயக்காரர்களுக்குப் பாராட்டு விழா நடத்துகிற பையன். மேடையில் அம்புரோசுக்குப் பொன்னாடை; வேகம் என்ன செய்யும் என்று முத்துமாலையின் பேச்சு. அழைப்புப் பத்திரிகையிலேயே அச்சடித்திருந்தான். இதற்கு மேலும் முத்துமாலை வாயால் அந்தப் பொய்யைச் சொல்ல விட்டால் தான் மனுஷனே இல்லை என்று அம்புரோஸ் நினைத்தார். விழாவுக்கு முந்தின நாள் காலையில் முக்கூடலுக்குக் கிளம்பினார். சேரன்மகாதேவியில் பஸ் மாற இறங்கியபோது கால் திரும்பிப் போகப் பார்த்தது. இழுத்துக்கொண்டு ஏறினார்.

"என்னலே, சனிக்கிழமையே வந்து நிக்க? ரோசம்மா வெரட்டி விட்டுட்டாளா?" என்று முத்துமாலை சிரித்தான்.

அம்புரோஸ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கையெழுத்துப் போடப் போனது, மஞ்சணை, தொங்கிய நட்டு, டவுசரில் துடைத்த விரல் எதையும் விடவில்லை. முத்துமாலை தன் கட்டைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை தப்புறது எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றான் கடைசியில். "கால் போனா போவட்டும். ஏன் சொல்லல?"

"அம்மைய நெனச்சித்தான்லே. ஒங்க அம்மை தாங்கமாட்டான்னு..."

"அவ செத்து இருவத்தோரு வருசமாச்சே. இந்த இருவத்தோரு வருசம் யார நெனச்சி சொல்லல?"

அம்புரோஸ் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். "என்னய நெனச்சித்தான்" என்று சொன்னார்.

"சாவுற அன்னைக்குக்கூட என்னயக் கொழுப்பெடுத்தவன்னுதான் சொன்னா" என்றான் முத்துமாலை. "ஒரே ஒரு தடவ, ஒம்மேல தப்பில்ல மக்கான்னு அவ வாயால கேட்டிருப்பேனே. போங்க. பஸ் வந்துரும்."

போங்க என்றான். பதினாலு வயதிலிருந்து அம்புரோசை அவன் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் விழாவில் அம்புரோஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பொன்னாடை தோளில் பாரமாகக் கிடந்தது. முத்துமாலை மைக்குக்குப் போனபோது அவருக்குப் பயமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. சொல்லட்டும். ஊரே காறித் துப்பட்டும். துப்பினால் இன்று ராத்திரியாவது தூங்கலாம். பக்கத்தில் இருந்த ரோசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

முத்துமாலை கூட்டத்தைப் பார்த்தான். பிறகு வேட்டியைத் தூக்கிக் கட்டைக்காலைத் தட்டினான்.

"இது என் திமிருக்குக் கெடச்ச கூலி" என்றான். "வளைவுல நான்தான் வேகமாத் திருப்பினேன். வேற யாரு மேலயும், எது மேலயும் தப்பில்ல."

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அம்புரோஸ் தடுமாறி எழுந்து, மேடைப்படி இறங்கி வந்தவனை மறித்தார். "ஏலே, நான்தான் சொல்லிட்டேனே, பொறவும் ஏன்லே..." என்று அவன் கையைப் பிடிக்கப் போனார்.

முத்துமாலை ஊன்றுகோலைக் கைமாற்றிக்கொண்டான்.

"எங்க அம்மைக்காகச் சொன்னேன். அவ மஞ்சணைய ஒருத்தன் ஒரு சொல்லு சொல்லிரப்படாது" என்றான். "ஒங்களுக்காக இல்ல."

வாசலில் கணேஷ்ராமின் கார் நின்றது. முத்துமாலை பின்சீட்டில் ஏறிக் கட்டைக்காலை உள்ளே தூக்கி வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டான்.