ஒன்பதாவது வளைவில் செக்கர்

என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செக்கர் என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருடமாகப் பஸ்களில் ஏறி இறங்கி டிக்கெட் பரிசோதிக்கிற உத்தியோகம். பஸ்ஸில் ஏறியதும் அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். டிக்கெட் எடுக்காதவன் முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்வானாம், கால் மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருக்குமாம். வேலைக்கு அது சரி. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க மாட்டார் என்பதுதான் என் கஷ்டம். பிஸ்கட் பாக்கெட்டில் இருபத்துநான்கு என்று அச்சடித்திருந்தால் பிரித்து எண்ணுவார். டாக்டர் காய்ச்சல் நூற்றியொன்று என்று சொன்னால் வீட்டுக்கு வந்து இன்னொரு தெர்மாமீட்டர் வைப்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் தலைவலி என்று படுத்தேன். எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டார். அடடா, என்ன அக்கறை என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி வந்து அதையே கேட்டார், அதே பக்கத்தைச் சொல்கிறேனா என்று பார்க்க.

இந்த மனிதர் சந்தேகமே இல்லாமல் நம்பியது ஒன்றே ஒன்றை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஸ்டாப் வாட்சை.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் மலைப்பாதையில் சைக்கிள் போட்டி வரும். பல நாள் போட்டியில் ஒருநாள் மட்டும் மலை ஏற்றம். ஒன்பதாவது வளைவுதான் அதில் செங்குத்து. எப்பேர்ப்பட்ட வீரனும் அங்கே நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுவான். முகத்தைப் பார்க்கலாம், மூச்சைக் கேட்கலாம், கையில் ஒரு பொருளைக் கொடுக்கலாம். கொடுக்கிற பொருள் செய்தித்தாள். உச்சி தாண்டினால் நீளமான இறக்கம். ஏறும்போது வியர்த்து நனைந்த உடம்பில் இறக்கத்துக் காற்று அடித்தால் நெஞ்சு விறைத்துவிடும். அதனால் ரசிகர்கள் செய்தித்தாளை மடித்து நீட்டுவார்கள். வீரர்கள் அதைப் பிடுங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போவார்கள். செக்கர் இருபது வருடமாக அந்த வளைவில் நிற்கிறார். முதலில் ரசிகராக நின்றார். பிறகு அண்ணனாக நின்றார். என் கொழுந்தன் அந்தப் போட்டியில் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து.

ஏழு வருடத்துக்கு முன்பு கொழுந்தன் அந்த மலையில் முதலாவதாக வந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உறவுக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தோம். செக்கர் மட்டும் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிவாரத்தில் ஆலை வாசலைத் தாண்டினார்கள் என்று ரேடியோவில் சொன்னதும் வாட்சை அமுக்குவார், வளைவுக்கு வந்ததும் நிறுத்துவார். அதுதான் அவருடைய கணக்கு. அன்றைக்குத் தம்பி முந்தைய வருடத்தைவிட நான்கு நிமிடம் குறைவாக எடுத்திருந்தார். எல்லோருக்கும் முன்னால், தட்டில் கை வைத்திருந்த தம்பியிடம் கேட்டார்:

"நாலு நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சு? என்னத்தைடா போட்டுக்கிட்ட?"

கொழுந்தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவினார். என்னிடம் மட்டும் "வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊக்கமருந்துப் பரிசோதனையில் அவர் ரத்தம் சுத்தம் என்று பத்து நாளில் செய்தி வந்தது. பரிசோதித்தவனைச் சந்தேகப்பட்டார் எங்கள் செக்கர்.

இரண்டு வருடம் கழித்து செக்கருக்கு மலையின் முன்பக்க வழித்தடத்து பஸ்களில் டியூட்டி போட்டார்கள். நாங்கள் போட்டிக்கு எப்போதும் பின்பக்கமாகத்தான் ஏறுவோம், போட்டி ஏறி வருகிற முன்பக்கத்தை அன்று அடைத்துவிடுவார்கள். பஸ் ஒரு பெரிய பாலத்தில் ஏறியதும் இவர் டிரைவரிடம் இது எப்போது வந்தது என்று கேட்டிருக்கிறார். "ரெண்டு வருஷமாச்சே சார். முன்னாடி பள்ளத்தைச் சுத்திப் போவோம்ல, அது மிச்சம்" என்றாராம் டிரைவர். அடுத்த விடுமுறையில் இவர் தனியாகப் போய்ப் பழைய சுற்றுப்பாதையை நடந்து அளந்துவிட்டு வந்தார். தொள்ளாயிரம் மீட்டர். நான்கு நிமிடம் அங்கேதான் கிடந்தது. அன்று வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

போய் மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்க மாட்டான் என்று சந்தேகம். போன் பண்ணினால் எடுக்க மாட்டான் என்று சந்தேகம். மலை ஏறி வருகிறவனால்தான் வழியில் நம்மைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக முடியாது, வளைவில் வைத்துச் சொல்லிவிடுகிறேன் என்றார். அடுத்த இரண்டு வருடமும் செய்தித்தாளை நீட்டினார். கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்து ஆள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த வருடம் வளைவே பறிபோனது. எட்டாவது வளைவில் ஒரு கும்பல் உண்டு, அதற்குத் தலைவர் பேக்கரி வைத்திருக்கிற மீசைக்காரர். ஒருவனுக்குப் போட்டி ஊழியன் மாதிரி மஞ்சள் கோட்டு மாட்டி அனுப்பி, மண் சரிந்துவிட்டது, போட்டி இல்லை என்று சொல்ல வைத்தார்கள். நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பாதி தூரம் இறங்கி, சங்கதி தெரிந்து திரும்பி ஓடி வந்தால், மீசைக்காரரின் நாற்காலிகள் எங்கள் இடத்தில் வரிசையாகப் போட்டிருந்தன. கொழுந்தன் எப்போதோ தாண்டிப் போயிருந்தார். போன வருடம் கொழுந்தனுக்குத் தோள் எலும்பு முறிந்து, போட்டிக்கே வரவில்லை. இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறேன் என்று பேப்பரில் பேட்டி கொடுத்துவிட்டார். ஆக, மிச்சமிருந்தது இந்த ஒருநாள்தான்.

ஒரு வாரமாகக் குளியலறையில் ஒத்திகை நடந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே எனக்குக் கேட்டது. "தப்பு என் மேலதான்டா தம்பி." மறுபடி, கொஞ்சம் வேகமாக. வளைவில் மூன்று விநாடிதான் கிடைக்கும் என்று வாட்சை வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்.

காலை எட்டு மணிக்கே வளைவில் இருந்தோம். மழை என்றால் அப்படி ஒரு மழை. பத்தடி தள்ளி நின்ற எங்கள் காரே மூடுபனியில் தெரியவில்லை. ரேடியோவில் இரைச்சல், போனில் சிக்னல் இல்லை. செக்கர் மழைக்கோட்டுக்குள், சட்டைக்குள், பனியனுக்கும் உள்ளே செய்தித்தாளை வைத்திருந்தார். நனைந்த பேப்பரால் பயனில்லை. எட்டாவது வளைவு ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு மேலே வந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் காலைப் பார்த்தார்.

பதினொரு மணிக்கு ஆலங்கட்டி விழுந்தது. ஒரு மணிக்கு, நனைந்து நடுங்கிக்கொண்டு ஒரு பெண் போலீஸ் வந்தார்.

"சார், உச்சில ஆலங்கட்டி கொட்டி ரோடு மூடிக்கிச்சு. போட்டி இந்தப் பக்கம் வராது. பள்ளத்தாக்கு ரோட்டுலயே விட்டு, கீழ ஊர்ல முடிச்சிடறாங்க. கிளம்புங்க."

"யாரு சொன்னா?"

"மேலிடத்துலேர்ந்து தகவல் சார்."

"மேலிடம்னா யாரு? அவருக்குப் பேர் இல்லையா? உங்க கார்டைக் காட்டுங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கார்டைக் காட்டினார். செக்கர் அதைத் திருப்பி, மறுபக்கமும் பார்த்து, நம்பரைக் குறித்துக்கொண்டார். "கோட்டு புதுசா இருக்கு" என்று என் காதில் சொன்னார்.

"புதுசா வாங்கக் கூடாதாங்க?"

"கூடும். இன்னிக்கா?"

பெண் போலீஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அடுத்த வளைவுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மீசைக்காரரின் கும்பல் நாற்காலிகளை வேனில் ஏற்றியது. மீசைக்காரரே எங்களிடம் நடந்து வந்தார்.

"செக்கர் சார், நிஜமாவே வரலை. அன்னிக்குப் பண்ணது தப்புதான், ஒத்துக்கறேன். இன்னிக்கு வாங்க, சேர்ந்தே இறங்கிடலாம்."

"நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடியே வரேன்" என்றார் செக்கர். வேன் போனதும் என்னிடம், "திருப்பத்துல நிறுத்தியிருப்பான், சத்தம் நின்னுடுச்சு பார்" என்றார். நான் காது கொடுத்துக் கேட்டேன். வேன் சத்தம் தேய்ந்து தேய்ந்து வெகுதூரம் போய்த்தான் நின்றது. அதைச் சொன்னேன். என் காதையும் அவர் நம்பவில்லை.

இரண்டேகாலுக்கு வீரர்கள் வர வேண்டும். இரண்டேகால் ஆனது. இரண்டரை ஆனது. வீரர்களுக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு வரும் எச்சரிக்கை வண்டி வரவில்லை, மோட்டார் சைக்கிள் வரவில்லை, ஒரு நாய்கூட வரவில்லை. செக்கர் ரோட்டோரத்தில் கையை நீட்டத் தயாராக நின்றார். மூன்று மணிக்கு, எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை வருடம் கூட இருந்தால் ஒட்டிக்கொள்ளாதா என்ன? போலீஸ் கார்டைப் பார்த்தவர், எதிரியே வந்து தப்பை ஒத்துக்கொண்டதைக் கேட்டவர், இன்னும் நம்பவில்லை என்றால், அது நம்பாததுதானா?

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. கீழ ஊர்லதான் முடியுதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. ஒரு மணிக்கே இறங்கியிருந்தா தம்பியை நேரா பாத்திருக்கலாம். உக்காந்து பேசியிருக்கலாம். அதுக்குத்தானே உங்களுக்குப் பயம்? இங்க நின்னா மூணு செகண்டோட முடிஞ்சிரும். அவர் பதில் சொல்ல நேரம் இருக்காது."

வெடுக்கென்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மழையில் நனைந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு சொன்னது நிஜமா இருந்தா, இந்நேரம் முடிஞ்சிருக்கும்ல?"

"முடிஞ்சிருக்கும்."

"அவங்க டீம் பஸ் மூணரைக்கெல்லாம் கிளம்பிடும்."

"ஆமாங்க."

அவர் தலை குனிந்துகொண்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை ஊற்றிக் கொடுத்தேன். ஆறிப் போயிருந்ததைக் கூடக் கவனிக்காமல் குடித்தார். நாற்காலியை மடிக்க வேண்டியது, காரைத் திருப்ப வேண்டியது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

நான்கு மணிக்கு மேல் கீழே மூடுபனியில் ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. செக்கர் துள்ளி எழுந்தார்.

"பாத்தியா! நான் சொல்லலை? வராங்க!"

ஒரே ஒரு விளக்கு. ஒரே ஒரு சைக்கிள். பின்னால் வண்டி இல்லை, கூட்டம் இல்லை. போட்டிச் சட்டைக்கு மேலே மெல்லிய மழைச்சட்டை, முகமெல்லாம் சேறு. வளைவில் எங்கள் முன்னால் வந்து, வருடக்கணக்கில் நிற்காத மனிதர், காலை ஊன்றி நின்றார். என் கொழுந்தன்.

"மத்தவங்க எங்கடா?" என்றார் செக்கர். ஏழு வருடம் கழித்துத் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். குளியலறை ஒத்திகை அத்தனையும் போச்சு.

"யாரும் இல்லண்ணா. போட்டி கீழயே முடிஞ்சிருச்சு."

"அப்ப நீ ஏன் வந்த? நான் இங்க இருக்கேன்னு யாரு சொன்னா? அந்த மீசைதானே?"

"யாரும் சொல்லலை. வழியை மாத்திட்டாங்கன்னு சொன்னதுமே நினைச்சேன். மலையில எல்லாரும் இறங்கிடுவாங்க, ஒரே ஒரு ஆள் மட்டும் நம்பாம நின்னுட்டிருப்பாருன்னு." மூச்சு வாங்கியது அவருக்கு. "பஸ்ஸை அனுப்பிட்டேன். நல்லா இருக்கீங்களா அண்ணி?"

தலையை ஆட்டினேன். செக்கர் ஒரு அடி முன்னால் வந்தார். பிறகு கொட்டினார்.

"தப்பு என் மேலதான்டா. பாலம் போட்டிருக்காங்க. பள்ளத்தைச் சுத்திப் போறதை வெட்டிட்டாங்க. தொள்ளாயிரம் மீட்டர். நான் அளந்தேன், அஞ்சு வருஷம் ஆச்சு, உன்கிட்ட சொல்ல..."

"தெரியும்ணா."

"எது தெரியும்?"

"பாலம். அன்னிக்கு அது மேல ஓட்டினது நான்தானே?"

செக்கர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப சாப்பிடும்போதே சொல்லியிருக்கலாம்லடா. ஒரு வார்த்தைதானே?"

"என்னைத் தம்பியா நினைச்சுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ டிக்கெட் எடுக்காதவனைக் கேக்கற மாதிரி கேட்ட."

மழை கொஞ்சம் குறைந்திருந்தது. கொழுந்தனுக்குப் பல் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, ஏறிய சூடு இறங்குகிற நேரம். செக்கர் அதைப் பார்த்தார். மழைக்கோட்டைப் பிரித்து, சட்டையைப் பிரித்து, பனியனுக்குள்ளிருந்து செய்தித்தாளை எடுத்தார். ஒரு சொட்டு நனையவில்லை. தம்பியின் சட்டையை இழுத்து, நெஞ்சில் வைத்து, ஓரங்களைச் சரி செய்து, மேலே ஜிப்பைப் போட்டுவிட்டார். கொழுந்தன் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஆலை வாசல்லேர்ந்து இங்க வர அம்பத்திரண்டு நிமிஷம் ஆச்சு. இந்த மழையில."

செக்கரின் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது. பாதியில் நின்றது. எந்த நேரத்துக்குக் கிளம்பினாய், யார் பார்த்தார்கள் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"சரி" என்றார்.

அடுத்தவர் சொன்ன ஒரு எண்ணுக்கு அவர் சரி சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. கொழுந்தனும் கேட்டதில்லை போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஹெல்மெட் வாரைச் சரி செய்தார். பிறகு அவர் முன்னால் சைக்கிளில் இறங்கினார். நாங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு, அவருக்கு வழி தெரிகிற மாதிரி, பின்னாலேயே காரில் போனோம்.