தங்கை வீட்டுக் காணி

ரயிலுக்கு நேரமிருப்பதால் லண்டன் புறநகரான சட்டனில் ஒரு தமிழ்க் கடைக்குள் ஒதுங்கியிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரரான கடைக்காரருக்குக் கனடாவிலிருந்து தங்கை அழைக்கிறாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எனக்கு வடையைக் காகிதத்தில் சுற்றுகிறார்.

“அண்ணை, கோர்ட் தீர்ப்பு வந்திட்டுது. எங்கட வீடிருக்கிற காணி பூர்வகுடிச் சனத்தின்ரயாம்.”

அவர் கை அப்படியே நின்றுவிடுகிறது. “காசு குடுத்துத்தானே வாங்கினனீங்கள்?”

“ஓம். ஆனா முதல்ல அவையளிட்ட இருந்து ஆரும் வாங்கேல்லையாம். அந்தக் காலத்து அரசாங்கம் சும்மா எடுத்ததாம்.”

அவர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிடுகிறார். தண்ணீர் வேண்டுமா என்கிறேன்.

“தம்பி, ஊரில என்ர காணியை ஆமி முகாம் போட்டு எடுத்து வைச்சிருக்கு. திருப்பித் தரச்சொல்லி நானும் கேஸ் போட்டிருக்கிறன்,” என்கிறார் மெல்ல. “இவளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?”

போனில் தங்கை, “அண்ணை, அண்ணை” என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.